உப்புக் காற்றும் ஊஞ்சல் பலகையும்



தருமபுரி மாவட்டம் இண்டூரிலிருந்து ஒரு தாயார் நமக்கு எழுதியிருக்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் தம் மூத்த மகளைத் தூத்துக்குடிப் பக்கம் கடலோர ஊர் ஒன்றில் மணமுடித்துக் கொடுத்தாராம். மருமகனுக்குத் துறைமுகத்தில் வேலை. வீட்டு முற்றத்தில் நின்றால் அலையோசை கேட்கும். மணமக்கள் மாலை வேளைகளில் காற்றாட அமரட்டும் என்று எண்ணி, இரும்புக் குழாயாலான ஊஞ்சல் ஒன்றும், நாற்காலிகள் நான்கும், சிறு மேசை ஒன்றும் சீர்வரிசையோடு சேர்த்து லாரியில் ஏற்றி அனுப்பினார். ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்து வாங்கிய பொருள்கள் அவை. அதே நாளில், அதே கடையில், அதே போன்ற நாற்காலிகள் இரண்டைத் தம் வீட்டுக்கும் வாங்கினார்.

இண்டூர் வீட்டு வாசலில் அவ்விரண்டும் இன்றும் புதுக்கருக்கு மாறாமல் இருக்கின்றன. மகள் வீட்டிலோ முதல் மழைக்காலம் முடியுமுன்னரே வண்ணம் கொப்பளித்தது. இரண்டாம் ஆண்டில் மூட்டுகளிலிருந்து துரு வழிந்து தரையைக் கறையாக்கியது. இவ்வாண்டு ஊஞ்சலின் கொக்கி இற்று, பலகை ஒருபுறமாகச் சரிந்து விழுந்தது. நல்லவேளையாக அப்பொழுது அதில் குழந்தை இல்லை.

சம்பந்தி வீட்டார் நேராக ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் மலிவுச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்னும் பொருள்பட யாரோ உதிர்த்த சொல் மகளின் காதில் விழுந்துவிட்டது. அச்சொல் இண்டூர் வரை வந்து அந்தத் தாயின் உறக்கத்தையும் கெடுத்துவிட்டது. இப்பொழுது இளைய மகளுக்கும் நாகப்பட்டினம் பக்கம் கடலோரத்திலேயே இடம் அமைந்திருக்கிறது. வரும் தை மாதம் திருமணம். இம்முறை என்ன வாங்கி அனுப்பலாம் என்று கேட்கிறார்.

உள்நாட்டில் பிறந்து வளர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு இன்று கடலோரத்தில் பிள்ளைகள் இருக்கின்றனர். ஆதலின் இம்மாத விடையை அச்சகோதரிக்கு மட்டுமன்றி அனைவருக்குமாகவே எழுதுகிறோம்.

யார் மீதும் பிழையில்லை

முதலில் ஓர் உண்மையைத் தெளிவாகக் கூறிவிடுவோம். அந்த இரும்புச் சாமான்கள் மலிவுச் சரக்கு அல்ல. இண்டூரில் மூன்றாண்டுகளாக நலமாயிருக்கும் இரண்டு நாற்காலிகளே அதற்குச் சான்று. பொருள் ஒன்றுதான், அது நின்ற இடம் வேறு. பெண்ணைப் பெற்றவர் மீதும் பிழையில்லை. வைத்துக்கொண்டவர் மீதும் பிழையில்லை. உப்புக் காற்றை எவரும் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவே.

“ஈரம் என்றால் எல்லாம் ஈரந்தானே? எங்கள் பக்கத்து ஒகேனக்கலில் ஆண்டு முழுவதும் சாரல் அடிக்கவில்லையா?” என்று சிலர் வினவலாம். காவிரியின் சாரல் நன்னீர். அது இரும்பின்மீது விழுந்தாலும் வெயில் வந்ததும் உலர்ந்துவிடும். உலர்ந்தபின் அங்கே பெரிதாக ஒன்றும் எஞ்சுவதில்லை. கடல்நீர் அத்தகையதன்று. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அலை உடையும்போது எழும் நுண்துளிகளைக் காற்று கரைக்குச் சுமந்து வருகிறது. நீர் உலர்ந்துவிடும், உப்பு தங்கிவிடும்.

தங்கிய உப்பு சும்மா இருப்பதில்லை. மழைக்காலத்தில் நம் அடுக்களை உப்புச் சாடி தானாகவே கசிவதைக் காணாத இல்லத்தரசி இல்லை. காற்றிலுள்ள ஈரத்தை உப்பு இழுத்துக் கொள்கிறது. கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியக் குளோரைடு, ஈரம் குறைந்த காற்றிலிருந்துங்கூட நீரை உறிஞ்சவல்லது. எனவே மழையே பெய்யாத நாளிலும் கடலோரத்து நாற்காலியின்மேல் கண்ணுக்குத் தெரியாத உவர்நீர்ப் படலம் ஒன்று எப்பொழுதும் படிந்திருக்கிறது. உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். உப்புப் படிந்த இரும்பும் அப்படியே இராப்பகலாகத் தண்ணீர் குடிக்கிறது. போதாக்குறைக்கு, உலோகங்கள் தம்மைக் காத்துக்கொள்ளப் போர்த்திக்கொள்ளும் மெல்லிய மேற்படலத்தையும் உப்பிலுள்ள குளோரைடு துளைத்துவிடுகிறது.

இதனை ஆராய்வதற்கென்றே நம் தமிழகத்தில் ஒரு பெரிய நிலையம் உண்டு. காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே அது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கியதால் அந்நிலையம் அவ்வூருக்கு வந்தது. அதன் அறிஞர்கள் மண்டபத்தில் கடற்காற்று வீசும் வெளியில் உலோகத் தகடுகளை நிறுத்தி வைத்து, அவை எவ்வளவு எடை இழக்கின்றன என்று அளந்து வந்திருக்கின்றனர். நாட்டின் எந்தெந்தப் பகுதியில் இரும்பு எவ்வளவு விரைவில் அரிக்கப்படுகிறது என்பதைக் காட்டும் வரைபடத்தையும் உருவாக்கினர். ஒரே தகடு உள்நாட்டில் நெடுநாள் தாங்குவதும், கடலோரத்தில் விரைவில் இற்றுப்போவதும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட செய்திகளாகும்.

அதே மண்டபத்தருகே பாம்பன் பாலம் இருக்கிறது. 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பழைய இரயில் பாலத்தை, ஓயாமல் வண்ணம் பூசியும் உறுப்புகளை மாற்றியும் நூறாண்டுக்கு மேல் காத்தனர். ஆயினும் கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் அதன் நடுப்பகுதி அரிமானத்தால் நலிவுற்றதால் 2022 டிசம்பரில் இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. இம்முறை கட்டியவர்கள் காங்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை வைத்தனர். மூட்டுகளைப் பற்றவைப்பால் இணைத்தனர். உப்புக் காற்றைத் தாங்கவல்ல சிறப்பு வண்ணத்தைப் பூசினர். இடத்தைப் பார்த்து இரும்பைத் தேர்ந்தெடுத்தனர் என்பதே இதில் நாம் காணும் பாடம். பாலத்துக்குப் பொருந்துவது நம் முற்றத்து ஊஞ்சலுக்கும் பொருந்தும்.

கடைக்குப் போகுமுன் கேட்க வேண்டியவை

ஆகவே கடையில் விலையைக் கேட்குமுன் பிள்ளைகளிடம் மூன்று செய்திகளைக் கேட்டறிய வேண்டும்.

முதலாவது, வீடு கடலிலிருந்து எவ்வளவு தொலைவு? அலைக்கரையை ஒட்டிய சில நூறு மீட்டருக்குள் உப்பு மிகுதி. உள்ளே செல்லச் செல்ல அது விரைந்து குறையும். கடற்கரை ஊர் என்ற பெயர் ஒன்றாயினும், கரையோரத் தெருவும் மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கும் தெருவும் ஒன்றல்ல.

இரண்டாவது, பொருள் எங்கே நிற்கும்? திறந்த முற்றத்திலா, கூரையுள்ள தாழ்வாரத்திலா? கூரையின்கீழ் வைத்தால் நெடுநாள் வரும் என்றே நாம் எண்ணுவோம். மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் அது உண்மை. ஆனால் உலோகத்துக்கு அது பாதி உண்மையே. திறந்தவெளியில் நிற்கும் இரும்பை மழையாவது அவ்வப்போது கழுவிவிடுகிறது. தாழ்வாரத்து இரும்பின்மேல் உப்பு சேர்ந்துகொண்டே போகிறது, கழுவுவார் இல்லை. நாற்காலியின் மேற்புறம் பளபளவென்றிருக்க, அடிப்புறம் முதலில் துருப்பிடிப்பதற்கும் இதுவே காரணம்.

மூன்றாவது, மழையும் வெயிலும் எப்படி? தருமபுரிப் பக்கம் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பகிர்ந்து பெய்யும். நாகைக் கரையிலோ ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை கொட்டித் தீர்க்கும். புயலும் அம்மாதங்களில்தான் பெரும்பாலும் வரும். 2018 நவம்பர் 16 விடியலில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலை அப்பகுதி மக்கள் மறக்கவில்லை. வெளியே கிடக்கும் எடையற்ற நாற்காலி புயற்காற்றில் அம்பாகப் பறக்கும். ஒன்று, அசையாத கனம் வேண்டும். இல்லையேல், புயல் அறிவிப்பு வந்ததும் ஒருவரே தூக்கி உள்ளே வைக்கும் எளிமை வேண்டும்.

எந்தப் பொருள், எவ்விடத்துக்கு?

இரும்பு: உள்நாட்டுக்கு நல்லது, கடலோரத்துக்கு ஆகாது. குழாயின்மேல் வண்ணப்பொடி தூவிச் சூளையில் சுட்ட மினுமினுப்பு கண்ணைக் கவரும். ஆனால் அடியில் இருப்பது வெறும் இரும்பே. ஒரு கீறல் விழுந்தால் போதும், உப்பு உள்ளே புகுந்து வண்ணத்தைத் தோலுரிப்பது போல உரித்துவிடும். இரும்புதான் வேண்டுமெனில், உருக்கிய துத்தநாகத்தில் முழுவதுமாக முக்கியெடுத்ததாக இருக்கட்டும். அதிலும் பற்றவைப்பு முடிந்தபின் முக்கியதா என்று கேளுங்கள். முக்கிய குழாயைப் பிறகு பற்றவைத்தால் அந்த மூட்டில் துத்தநாகம் எரிந்துபோய்விடும். துரு அங்கிருந்தே தொடங்கும். குழாயின் முனைகள் திறந்திருந்தால் நீர் உள்ளே தேங்கி, வெளியே தெரியாமல் உள்ளிருந்தே அரிக்கும்.

எவர்சில்வர்: நம் அண்டை மாவட்டமான சேலத்தில் 1981இல் இயங்கத் தொடங்கிய உருக்காலையால் இவ்வுலோகம் நமக்கு நன்கு அறிமுகமானது. ஆயினும் எவர்சில்வர் என்பது ஒரே பொருளின் பெயர் அன்று. கடைகளில் 202, 304, 316 என்று எண்களால் வழங்கும் வகைகள் உண்டு. 202 வகையில் நிக்கல் குறைவு, விலையும் குறைவு. உள்நாட்டில் நன்றாயிருக்கும் அது கடலோரத்தில் பழுப்பேறிப் புள்ளி விழும். 304 வகையில் ஏறத்தாழ நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் இருக்கும். அடிக்கடி கழுவித் துடைத்தால் கடலோரத்திலும் அது பயன்படும். 316 வகையில் 2 முதல் 3 பங்கு மாலிப்டினம் கூடுதலாகச் சேர்வதால் உப்பை நன்கு எதிர்க்கும். விலையும் அதற்கேற்ப உயரும். காந்தம் ஒட்டாவிட்டால் உயர்ந்த சரக்கு என்று கடைக்காரர் காட்டும் சோதனையை நம்பிவிடாதீர்கள். 202 வகையிலும் காந்தம் ஒட்டாது. எந்த எண் என்பதை விலைச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அலுமினியம்: காற்றுப் பட்டதும் தன்மேல் தானே ஒரு காப்புப் படலத்தைப் போர்த்திக்கொள்வதால் கடலோரத்துக்கு ஏற்றது. எடை குறைவு, எளிதில் தூக்கலாம். ஆனால் அலுமினியச் சட்டத்தில் இரும்புத் திருகாணியைப் போட்டால் இரண்டும் கெடும். உவர்நீரில் நனைந்து ஒட்டிநிற்கும் இருவேறு உலோகங்கள் ஒரு மின்கலம் போலாகி, ஒன்று மற்றொன்றை அரிக்கும்.

மரம்: உப்புக்கு அஞ்சாதது, ஆனால் தேங்கும் ஈரத்துக்கும் கரையானுக்கும் அஞ்சுவது. தேக்கில் இயற்கையாகவே அமைந்த எண்ணெய்ப் பொருள் அதனைக் காக்கிறது. மரக்கலங்கள் கட்டுவதற்குத் தேக்கை நாடியதும் அதனாலேதான். கப்பல் மரத்துக்காகவே கேரளத்து நிலம்பூரில் 1840களில் தேக்கை நட்டு வளர்க்கத் தொடங்கினர். எனினும் தேக்கு என்ற பெயர் மட்டும் போதாது. நடுவிலுள்ள வைரப்பகுதியே தாங்கும். வெளிறிய ஓரப்பகுதி தாங்காது. இளமரத்தை அறுத்த பலகையில் வெளிறே மிகுதி. தேக்கு எட்டாத விலை எனில், கடலோரத்திலேயே இயற்கையாக வளரும் பூவரசும் நல்ல மரமே. கரைகளில் படகு வேலைக்கும் அதனைப் பயன்படுத்தியிருக்கின்றனர். ரப்பர் மரமும், மரத்தூளை அழுத்திச் செய்த பலகையும் வெளியில் வைப்பதற்கு உரியவை அல்ல. ஒரு மழைக்காலத்தில் அவை ஊறிப் பருத்துவிடும்.

பனை: உள்ளே வைரமுடையதை மரம் என்றும், வெளியே வைரமுடையதைப் புல் என்றும் பகுத்தது தொல்காப்பியம். அவ்வகையில் பனை புல்லினத்தது. முதிர்ந்த பனையின் வெளிப்புறச் சட்டம் இரும்பு போன்ற உறுதி உடையது, உட்சோறு பயனற்றது. வைரம் மட்டுமே கொண்ட பனஞ்சட்டத்தில் பனைநார் பின்னிய கட்டில் தென்கடலோர மக்களுக்குப் பழக்கமான பொருள். நார் நைந்தால் மீண்டும் பின்னிக்கொள்ளலாம். அதனை மழையில் நனைய விடாமல் தாழ்வாரத்தில் வைப்பது முறை.

பிரம்பும் மூங்கிலும்: கூரையின்கீழ் அழகு, மழையில் நனைந்தால் பூஞ்சணம். பிரம்பு போன்ற பிளாஸ்டிக் பின்னல் சாமான்கள் இன்று மிகுதியாக விற்கின்றன. அவற்றை வாங்குமுன் கவிழ்த்துப் பாருங்கள். பின்னலுக்குள் மறைந்திருக்கும் சட்டம் பெரும்பாலும் மெல்லிய இரும்புக் கம்பியே. பின்னல் புதிதாயிருக்கும்போதே உள்ளே சட்டம் இற்று முறியும்.

பிளாஸ்டிக்: உப்பும் ஈரமும் இதனை ஒன்றும் செய்யா. இதன் பகை வெயில். ஓயாது வெயிலில் நிற்கும் பிளாஸ்டிக் நாற்காலி சில ஆண்டுகளில் வெளுத்து, தொட்டால் கையில் சுண்ணம் போல ஒட்டும். அந்த அடையாளம் கண்டபின் அதில் முதியோரை அமர்த்தாதீர்கள். கால் முன்னறிவிப்பின்றி முறியும், விழுந்தால் இடுப்பெலும்பு. நிழலில் வைப்பதாயின் இது சிக்கனமான நல்ல பொருளே. வெளியிடத்துக்கென வெயில்காப்புச் சேர்த்துச் செய்த கனமான வகையைக் கேட்டு வாங்குங்கள்.

கல்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் செல்வம் கருங்கல். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு பலகைக் கல்லை வைத்தால் விசிப்பலகை ஆயத்தம். கடலோரத்தில் கல் எவ்வளவு தாங்கும் என்பதற்கு மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலே சான்று. 1,300 ஆண்டுகளாக அது கடலின் வாசலில் நிற்கிறது. அங்கும் உப்புக் காற்று சிற்பங்களின் முகங்களைத் தேய்க்காமல் விடவில்லை. அதனாலேயே தொல்லியல் துறையினர் அலைதடுப்புச் சுவரும் சவுக்குத் தோப்பும் அமைத்ததோடு, காகிதக் கூழை அப்பிக் கல்லில் ஊறிய உப்பை உறிஞ்சி எடுக்கின்றனர். ஆனாலும் நம் பேரன் பேத்திகளின் காலம் வரை ஒரு கல்பலகைக்கு ஊறு நேராது. கனமே இதன் குறை. ஐந்தடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் மூன்று அங்குலக் கனமும் உள்ள கருங்கல் ஏறத்தாழ 140 கிலோ இருக்கும். வாடகை வீட்டில் இருப்போர்க்கு இது ஏற்றதன்று.

சிமெண்டு விசிப்பலகை: கல்லின் ஏழைத் தம்பி. ஆனால் உள்ளே கம்பி இருந்தால், அதன்மேல் காங்கிரீட்டு போதிய கனமாக மூடியிருக்க வேண்டும். கடற்கரை மணலைக் குழைத்துச் செய்ததாயின் உப்பை நாமே உள்ளே வைத்துப் பூசியதாகும். துருவேறிய கம்பி பருத்துக் காங்கிரீட்டைப் பிளந்துவிடும்.

பொருளை விட மூட்டு முக்கியம்

மேற்கண்ட எல்லாவற்றிலும் பெரிய செய்தி ஒன்றுண்டு. வெளியிடச் சாமான்கள் நடுவில் கெடுவதில்லை. மூட்டிலும் காலிலும் கெடுகின்றன. இண்டூர்த் தாயாரின் ஊஞ்சலிலும் பலகை போகவில்லை, கொக்கிதான் போயிற்று. நூறு ரூபாய்த் தேக்கில் ஒரு ரூபாய் இரும்பாணி அடிப்பது வேலியே பயிரை மேய்ந்த கதையாகும்.

கடலை நம்பி வாழ்ந்த நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். கட்டுமரம் என்னும் பெயரே அதனைச் சொல்லும். மரங்களைக் கயிற்றால் கட்டினர், ஆணி அடிக்கவில்லை. கரை திரும்பியதும் கட்டை அவிழ்த்து மரங்களை உலரவைத்தனர். சென்னைக் கரையில் அலையைத் தாண்டிச் சென்ற மசூலாப் படகுகளின் பலகைகளும் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவையே. அலை மோதும்போது அவை வளைந்து கொடுத்தன. துருப்பிடிக்க ஒன்றும் இல்லை.

எனவே மரச்சாமான் செய்யச் சொல்லும்போது தச்சரிடம் மூன்று செய்திகளை வற்புறுத்துங்கள். துளையும் கழுந்துமாக மரத்தோடு மரம் கோத்து, மரஆணி இட்டு இணைக்கட்டும். தவிர்க்க முடியாத இடங்களில் பித்தளை அல்லது நல்ல எவர்சில்வர் திருகாணி போடட்டும். அமரும் பலகைகளுக்கு இடையே விரற்கடை இடைவெளி விட்டு நீர் வடிய வழி செய்யட்டும். ஊஞ்சலுக்குச் சங்கிலியும் கொக்கியும் 316 வகை எவர்சில்வரில் வாங்குங்கள். உயிரைத் தாங்கும் பொருளில் சிக்கனம் பார்க்கலாகாது.

மரத்தின் கால்களும் கருத்துக்குரியவை. அறுத்த முனை வழியாகவே மரம் மிகுதியாக நீரை உறிஞ்சும். ஆதலால் கால்முனைகளில் எண்ணெயோ வண்ணமோ பலமுறை தோய்த்து, ஒரு கல்துண்டின்மேல் நிறுத்தினால் ஆயுள் பல ஆண்டுகள் கூடும்.

பேணும் முறை

கடலோரத்து வீட்டுக்குச் சொல்ல வேண்டிய முதல் விதி எளியது. வாரம் ஒருமுறை நன்னீரில் நனைத்த துணியால் துடையுங்கள். அடிப்புறத்தையும் மூட்டுகளையும் மறவாதீர்கள். மழையில்லாத மாதங்களில்தான் இது மிகவும் வேண்டும். தண்ணீர் அரிதான ஊர்களில் ஒரு செம்பு நீரும் ஒரு துணியும் போதும்.

மரத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன், ஆளிவிதை எண்ணெய் பூசலாம். வெயிலும் மழையும் மாறி மாறிப் படும் இடத்தில் வார்னிஷ் உரிந்து திட்டுத்திட்டாகிவிடும். எண்ணெய் உரிவதில்லை. ஒன்றுமே பூசாவிட்டால் தேக்கு வெள்ளிச் சாம்பல் நிறம் அடையும். அது கேடன்று, நரைதான்.

இரும்பு ஏற்கெனவே வீட்டில் இருந்தால் எறிந்துவிட வேண்டா. துருவை உப்புத்தாளால் சுரண்டி, முதலில் நன்னீரால் உப்பைக் கழுவி, நன்கு உலரவிட்டு, ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் இருமுறை வண்ணம் பூசுங்கள். உப்பைக் கழுவாமல் அதன்மேல் பூசிய வண்ணம் சில திங்களில் மீண்டும் கொப்பளிக்கும். பலரும் விட்டுவிடுவது இந்த ஒரு படியைத்தான். உள்ளே இற்றுப்போன குழாயை மட்டும் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். மழுங்கிய ஒலி வந்தாலோ பள்ளம் விழுந்தாலோ அதில் யாரும் அமர வேண்டா.

சீர் என்பது யாருக்காக?

இனி அச்சகோதரியின் கேள்விக்கு நேரான விடை. நாகைப் பக்கத்து வீடு கரையோரத்தில் இருக்குமாயின், ஊஞ்சல், நான்கு நாற்காலி, மேசை என்று ஆறு உருப்படிகளை அனுப்பாதீர்கள். அந்தத் தொகைக்குள், வைரத் தேக்கிலோ பூவரசிலோ, பித்தளைத் திருகாணியோடு, இருவர் அமரும் விசிப்பலகை ஒன்றைச் செய்விக்கப் பாருங்கள். இயலுமாயின் அதனை இண்டூரில் செய்து லாரிக்கூலி கொடுத்து அனுப்புவதை விட, மருமகன் ஊரிலுள்ள தச்சரிடமே செய்யச் சொல்லுங்கள். அவ்வூர்க் காற்றை அறிந்த கை அது. விருந்தினர் வந்தால் அமர, தாழ்வார நிழலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போதும். அவற்றால் எவருக்கும் மதிப்புக் குறைவு இல்லை.

மூத்த மகள் வீட்டு ஊஞ்சலுக்கு அடுத்த பயணத்தின்போது நல்ல சங்கிலியும் கொக்கியும் வாங்கிச் செல்லுங்கள். சட்டத்தைத் தட்டிப் பார்த்து, உறுதியாயிருந்தால் மட்டும் மாட்டுங்கள். இல்லையேல் பலகையைத் தாழ்வார உத்திரத்தில் கட்டிவிடலாம். பலகை இன்னும் நன்றாயிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது வீணாக வேண்டுவதில்லை.

சம்பந்தி வீட்டாருக்கும் ஒரு சொல். நீங்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலோடு வாழ்கிறீர்கள். எது தாங்கும், எது தாங்காது என்பது உங்களுக்குத் தெரியும். பெண் வீட்டார் உள்நாட்டவர்; அவர்களுக்குத் தெரியாது. இரும்புக் குழாய் இங்கே நிற்காது என்று திருமணத்துக்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒரு குடும்பத்தின் சீட்டுப் பணமும் ஒரு பெண்ணின் கண்ணீரும் மிச்சமாகியிருக்கும். வந்த பொருளைக் குறை கூறும் வாய், வருமுன் வழி கூறலாகாதா?

சீர்வரிசை என்பது மணப்பந்தலில் ஒரு மாலைப்பொழுது ஊரார் கண்ணுக்கு விருந்தாவதற்கு அன்று. பிள்ளைகளின் அன்றாட வாழ்வுக்குப் பயன்படுவதற்கே. பந்தலில் நிறைந்து தோன்றும் ஆறு பொருள்களைக் கடன்பட்டு வாங்குவதிலும், பத்தாண்டு நிற்கும் ஒன்றை அளவறிந்து வாங்குவதே அறிவுடைமை. பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் கூடியமர்ந்து, “உங்கள் ஊருக்கு எது பொருந்தும்?” என்று கேட்டு முடிவு செய்யட்டும். அந்தக் கேள்விக்குச் செலவு ஒன்றும் இல்லை. மனக்கசப்பு வராமல் காப்பது அதுவே.